மகளுக்கு அப்பத்தா பெயரான குப்பம்மாளை வைக்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். எங்களுக்கு மகள் பிறந்து இன்றோடு 19 நாள் ஆகிறது. 30ஆம் நாள் தொட்டில் போடுகிறோம். அதற்குள் பெயர் முடிவாக வேண்டும், வீட்டில் ஒருமித்த பேச்சு இல்லை.

குழந்தைக்குத் திருவாதிரை, மூன்றாம் பாதம். பஞ்சாங்கப்படி எழுத்து 'ங'. அதில் தொடங்கி யாருக்குப் பெயர் வைப்பது? அதே நட்சத்திரத்தின் மற்றப் பாதங்களுக்கு உரிய கு, க, ச மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று ஜோதிடர் சொல்லிவிட்டார். உடனே அப்பா, "கு என்றால் குப்பம்மா. என் அம்மா பெயரையே வை" என்றார்.

அப்பத்தாவுக்கு இப்போது 88 வயது. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும் முறத்தில் கிடத்திக் குப்பைக்குழியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்களாம். பக்கத்து வீட்டுக் கிழவி போய் எடுத்து வந்து, "குப்பையில கிடந்துச்சு, உங்களுக்கு வேணுமா?" என்று கேட்க, ஒரு படி தவிடு கொடுத்து வாங்கினார்களாம். 'இது யாரோ போட்ட பிள்ளை, இவர்கள் பிள்ளை இல்லை' என்று எமன் நினைத்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான். அப்படி வந்த பெயர் குப்பம்மாள்.

எனக்கு இந்தக் கதை சிறுவயதிலிருந்தே பிடிக்கும். அதைவிட அன்பான பெயர் இருக்க முடியாது என்று நினைக்கிறேன். என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கதை உங்களுக்குத் தெரியும். இவளோடு ஒன்றாம் வகுப்பில் உட்காரப்போகிற முப்பது பிள்ளைகளுக்குத் தெரியுமா?" பதில் சொல்ல முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பொதிகைத்தென்றல்:
வாழ்த்துகள் தம்பி. தாயும் சேயும் நலமா?

தவிட்டுக்கு வாங்கின கதை எங்கள் திருநெல்வேலிப் பக்கமும் உண்டு. தவிட்டம்மாள் என்றே எங்கள் தெருவில் ஒரு ஆச்சி இருந்தாள். முன்பிறந்தவை தங்காத வீட்டில் பிள்ளைக்கு மூக்குக் குத்தி மூக்கன், மூக்கம்மாள் என்று கூப்பிடுவார்கள். சாமியிடம் மடியேந்தி வாங்கின பிள்ளை என்றால் பிச்சை, பிச்சையா, பிச்சம்மாள். இன்று கூகுளின் தலைவர் பெயரில் 'பிச்சை' இருக்கிறது, உலகமே அதைக் கூச்சமில்லாமல் சொல்கிறது.

உங்கள் அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவைதானே. தாத்தா பெயரைச் சுமப்பவன் பெயரன். ஆனால் அந்த வழக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்தே இருந்தது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அப்படியானால் அந்தப் பெயர் கொண்ட சொந்த மகளை எப்படிக் கூப்பிடுவாள், எப்படித் திட்டுவாள்? அதனால் வீட்டுக்கு ஒரு பெயர் தனியாக இருக்கும். என் அக்காவுக்குப் பள்ளியில் பேச்சியம்மாள், வீட்டில் ராணி. எங்கள் அம்மா கடைசிவரை பேச்சி என்று சொன்னதே இல்லை.

இரண்டு பெயர் வைப்பது நமக்குப் புதிது இல்லை. யோசித்துப் பாருங்கள்.

மேகலை_ஆசிரியை:
22 வருடமாக அரசுப் பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிக்கிறேன். அந்தக் கேள்விக்கு நேரான பதில்: முப்பது பிள்ளைகளுக்கும் கதை தெரியாது. நான் சொல்லிக்கொடுத்தால் தெரியும். எல்லா ஆசிரியரும் சொல்லிக்கொடுப்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது.

நான் முதலில் வேலை பார்த்த ஊரில் 'போதும்பொண்ணு' என்று ஒரு மாணவி இருந்தாள். வரிசையாகப் பெண்ணாகப் பிறந்தால், அடுத்தது ஆணாக வரட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு அப்படி வைப்பது. திருத்தணிப் பக்கம் 'வேண்டாம்' என்றே பெயர் வைக்கும் வழக்கம் இருந்தது. அந்த மாணவி பெயரைக் கூப்பிட்டால் 'உள்ளேன் அம்மா' என்று சொல்ல மாட்டாள், கையை மட்டும் தூக்குவாள். அவளைப் பற்றி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இது தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. மகாராஷ்டிராவில் வேண்டாத பெண் என்ற பொருளில் 'நகுசா', 'நகோஷி' என்று வைப்பார்கள். 2011 அக்டோபரில் சாதாரா மாவட்டத்தில் 285 பெண்களுக்கு விழா எடுத்துப் பெயரை மாற்றினார்கள். பல பெண்கள் தங்களுக்கு வேண்டிய பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் செய்தியை வெட்டி என் பதிவேட்டுக்குள் வைத்திருந்தேன்.

குப்பம்மாள் அப்படிப்பட்ட பெயர் இல்லை, எனக்குத் தெரியும். பிள்ளை வேண்டும், வேண்டும் என்று தவித்து வைத்த பெயர் அது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன, அதுதான் சிக்கல். பத்து வயதில் அந்த வேறுபாட்டை விளக்கும் பொறுப்பு அந்தக் குழந்தை தலையில் விழும்.

சங்கநேசன்:
ஒரு சின்ன இடைச்செருகல். குறுந்தொகை 305ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் குப்பைக்கோழியார். குப்பைமேட்டில் தானாகச் சண்டை போட்டுக்கொள்ளும் கோழிகளைப் போல, பிரித்துவிட ஆளில்லாமல், நோய் தானாகத் தீர்ந்தால்தான் உண்டு என்று தலைவி சொல்கிறாள். எழுதியவரின் இயற்பெயர் தெரியவில்லை, அந்த உவமையே பெயராகிவிட்டது.

செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், ஓரேருழவனார், கல்பொரு சிறுநுரையார் எல்லாரும் அப்படித்தான். தேய்ந்த பழைய கயிறும், பாறையில் மோதும் நுரையும் மனிதர்களுக்குப் பெயராக இருந்த மொழி இது. குப்பை என்ற சொல்லைக் கண்டு தமிழ் கூசியதில்லை.

செங்கதிர்:
எல்லாரும் அன்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குச் சொல்ல வேறு ஒன்று இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

என் தாத்தா பெயர் மண்ணாங்கட்டி. கடலூர் மாவட்டத்தில் எங்கள் ஊர்ச் சேரியில் அவர் வயது ஆட்கள் பெயர்: குப்பன், கருப்பன், அமாவாசை, மண்ணாங்கட்டி. எங்கள் தாத்தாவுக்கு முன்னால் பிள்ளை எதுவும் சாகவில்லை. அவர்தான் தலைப்பிள்ளை. எமனை ஏமாற்ற அந்தப் பெயர் வைக்கவில்லை. பண்ணையார் வீட்டில் இராமசாமி இருந்தால் சேரியில் இன்னொரு இராமசாமி இருக்கக் கூடாது. அவ்வளவுதான் காரணம். பிள்ளை பிறந்ததைச் சொல்லப் போனால் அவர் வாயில் வந்ததே பெயர்.

மனுஸ்மிருதி இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகம் இதை விதியாகவே சொல்கிறது. பிராமணனுக்கு மங்கலமான பெயர், சத்திரியனுக்கு வலிமையைச் சொல்லும் பெயர், வைசியனுக்குச் செல்வத்தைச் சொல்லும் பெயர், சூத்திரனுக்கு இழிவான பெயர். சூத்திரனுக்கே அது என்றால் அதற்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

என் அப்பாவைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று தாத்தா வழியெல்லாம் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டே நடந்தாராம், மறந்துவிடக் கூடாது என்று. அன்பழகன். எங்கோ கூட்டத்தில் கேட்ட பெயர். பதிவேட்டில் எழுதும்வரை வேறு எதையும் பேசவில்லையாம். எங்கள் குடும்பத்தில் ஒரு மனிதன் தன் பிள்ளைக்குத் தானே தேடி வைத்த முதல் பெயர் அது. என் மகன் பெயர் கௌதமன். எங்கள் தெருவில் அம்பேத்கர் இருக்கிறான், அயோத்திதாசன் இருக்கிறான். அந்த அயோத்திதாசப் பண்டிதரே காத்தவராயனாகப் பிறந்து தன் ஆசிரியரின் பெயரை எடுத்துக்கொண்டவர்தான்.

வைகைக்கரை, உங்கள் அப்பத்தா கதை உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குப்பன், குப்பம்மாள் என்ற பெயரைக் கேட்டதும் எனக்குத் தவிடு ஞாபகம் வராது. பண்ணையார் வாசலில் நின்ற தாத்தா ஞாபகம்தான் வரும். ஒரு பெயருக்குள் இரண்டு வரலாறு இருக்கிறது. அந்தப் பெயரைத் திரும்ப எடுப்பதற்கு முன் இதையும் எடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வைகைக்கரை:
செங்கதிர் அண்ணா, இரண்டு முறை படித்தேன். மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். நான் இந்தப் பக்கத்தை யோசித்ததே இல்லை. எனக்கு அந்தப் பெயர் கதையாக மட்டும் இருந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரையும் அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் நிற்க வைத்ததில்லை. நன்றி.

ஈரோட்டுக்காரி:
செங்கதிர் சொன்ன 'எங்கோ கூட்டத்தில் கேட்ட பெயர்' என்ற இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கூட்டங்களைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் சுயமரியாதைக் குடும்பம்.

என் அத்தை பெயர் ரஷ்யா. மாஸ்கோ என்றும் அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்கள். இன்றைய ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் ஸ்டாலின் இறந்தது அதே மார்ச் 5. அந்த இரங்கல் கூட்டத்தில்தான் கருணாநிதி தன் மகனுக்கு அந்தப் பெயரை அறிவித்தார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும், இராமையா அன்பழகன் ஆனதும் அதே அலையில்தான். அதற்கும் முன்னால் 1916இல் வேதாசலம் மறைமலை ஆனார். தன் பிள்ளைகள் பெயரையும் விடவில்லை, திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார்.

அத்தையிடம் ஒருமுறை கேட்டேன், இந்தப் பெயர் கஷ்டமாக இல்லையா என்று. "கஷ்டம்தான் கண்ணு. பேங்குல, ஆஸ்பத்திரியில எல்லாரும் ரெண்டு தடவை கேப்பாங்க. ஆனா எம்பேர வச்சு எஞ்சாதியக் கண்டுபிடிக்க ஒருத்தனாலயும் முடியல" என்றார். பெயருக்குப் பின்னால் இருந்த சாதியை வெட்டிவிட்டு, முன்னால் இருக்கும் பெயரிலும் அது தெரியாமல் செய்ய ஒரு தலைமுறை எவ்வளவு யோசித்திருக்கிறது என்று அன்று புரிந்தது.

அதனால் எனக்குப் பஞ்சாங்க எழுத்தில் நம்பிக்கை இல்லை. 'ங' வந்ததே நல்லது, எழுத்தை விட்டுவிடுங்கள். க, ச என்று பார்க்காமல் பிடித்த தமிழ்ப் பெயரை வையுங்கள்.

வல்வை_நிலா:
நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில் இருக்கிறன். எங்கட பக்கக் கதையையும் சொல்ல விருப்பம்.

எங்கட அம்மம்மா பெயர் செல்லாச்சி, அப்பப்பா வல்லிபுரம். அடுத்த தலைமுறை தேவி, நாதன், ராசா. எண்பதுகளுக்குப் பிறகு எண்சாத்திரமும் நட்சத்திர எழுத்தும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. எழுத்தும் சரியாக இருக்க வேணும், கூட்டுத்தொகையும் சரியாக வர வேணும், தெருவில் வேறு ஒருவருக்கும் இருக்கவும் கூடாது. அப்படிப் பிறந்ததுதான் டிலக்ஷன், நிலக்ஷன், தர்ஷிகா வகைப் பெயர்கள். வெளியில் இருப்பவர்கள் 'இதுக்கு என்ன பொருள்?' என்று கேட்பார்கள். எங்களுக்கு அது சண்டைக்காலத்தில் பிறந்த பிள்ளை, இந்தப் பிள்ளை ஒன்றாவது நல்லா இருக்கட்டும் என்று அம்மாக்கள் எண்ணை எண்ணிக் கூட்டி வைத்த பெயர். வைகைக்கரையின் அப்பத்தாவுக்குத் தவிடு, எங்களுக்குக் கூட்டுத்தொகை. பயம் ஒன்றுதான்.

அதே நேரத்தில் சுத்தத் தமிழ்ப் பெயர் வைத்தவர்களும் இருந்தார்கள். இங்கே என்ர மகளின் வகுப்பில் யாழினி என்று இரண்டு பேர். ஆசிரியர் 'ழ'வைச் சொல்லப் பழகிவிட்டார், எனக்கு அது பெரிய சந்தோஷம்.

பிறப்புப்பதிவேடு:
ஒரு நகராட்சியில் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அவசரப்பட்டு யாரும் தவறு செய்யக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும், பெயரை அல்ல. மருத்துவமனையில் பிறந்திருந்தால் பிறப்பு விவரத்தை அவர்களே அனுப்பியிருப்பார்கள். பெயர் இல்லாமலே பதிவு ஆகும். அதன்பின் 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 வருடம் வரை வழி உண்டு. ஆகவே 30ஆம் நாளுக்குள் முடிவாகவில்லை என்றாலும் குடிமுழுகிப் போகாது.

ஒருமுறை பெயர் ஏறிவிட்டால் அதன்பிறகு மாற்றுவது சுலபம் இல்லை. எழுத்துப்பிழை திருத்துவது வேறு, பெயரையே மாற்றுவது வேறு. பிற்பாடு அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் பள்ளிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டியது அந்தப் பிள்ளை. வரிசையில் நிற்கும் இளைஞர்களைத் தினமும் பார்க்கிறேன். எண்கணிதத்துக்காக ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைக் கூட்டிப் போட்டிருப்பார்கள், ஒரு சான்றிதழில் அது இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கூடுதல் எழுத்து எதுவும் போடாதீர்கள் என்பது என் ஒரே வேண்டுகோள்.

பொதிகைத்தென்றல்:
நல்ல தகவல். சென்னைக்கு வேலைக்குப் போன எங்கள் ஊர் இசக்கிமுத்துகள் எல்லாம் முத்து ஆகிவிட்டார்கள், சுடலைமுத்துகளும் முத்து ஆகிவிட்டார்கள். கோயில் கொடைக்கு ஊருக்கு வரும்போது மட்டும் இசக்கியும் சுடலையும் திரும்பி வரும். அரசிதழ் எதுவும் இல்லாமல் அவர்களே செய்துகொண்ட பெயர் மாற்றம் அது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இசக்கி என்ற பெயரில் அந்த மண்ணே இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் தினமும் விளக்கம் சொல்பவன் அவன், நான் இல்லை.

மேகலை_ஆசிரியை:
வைகைக்கரை, ஒன்று கேட்க விட்டுப்போனது. உங்கள் அப்பா கருத்து சொன்னார், மனைவி சொன்னார், நாங்கள் இத்தனை பேர் சொல்கிறோம். அப்பத்தா என்ன சொல்கிறார்?

வைகைக்கரை:
அம்மா, நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை ஆண்டிபட்டி போய்விட்டு வந்து சொல்கிறேன்.

வைகைக்கரை:
போய்விட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டுதான் கேட்டேன், "அப்பத்தா, ஒம்பேரையே இவளுக்கு வைக்கலாம்னு அப்பா சொல்றாரு." அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "எதுக்குடா?" என்றார். மரியாதைக்கு என்றேன்.

"எனக்கு முன்னால மூணு போச்சு. எங்காத்தாவுக்கு வேற வழி தெரியல, குப்பையில போட்டா. நீ ஆஸ்பத்திரியில பெத்து, ஊசியும் போட்டுட்டு வந்திருக்க. இவளை யாரு தூக்கிட்டுப் போகப்போறா? இவளை எதுக்குக் குப்பையில போடணும்?"

கொஞ்ச நேரம் கழித்து அவராகவே இன்னொன்று சொன்னார். பெரியாத்தா அவர் பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டாராம், "ஏய்" என்றுதான் கூப்பிடுவாராம். தாத்தாவும் கடைசிவரை "இங்க பாரு" என்றுதான். ரேஷன் கடையிலும் ஓட்டுச்சாவடியிலும்தான் முழுப்பெயரைக் கேட்டிருக்கிறாராம். 88 வயதுவரை இதை எங்களிடம் சொன்னதே இல்லை. நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த கதையைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அப்பா எதுவும் பேசவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அப்புறம் மனைவி தன் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசித்தாள். ஈரோட்டு அக்கா எழுத்தை விடச் சொன்னீர்கள், என் அம்மாவுக்காகக் 'கு'வை மட்டும் வைத்துக்கொண்டோம். குறிஞ்சி, குமுதா, குந்தவை, குயிலி, குழலி. குழலிக்கு அப்பத்தா கையைக் காட்டினார். அது என்ன என்று கேட்டார். நல்ல கூந்தல் உள்ளவள் என்று மனைவி சொன்னாள். குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்தார். நிறைய முடி. "இதையே வை" என்று சொல்லிவிட்டார்.

செங்கதிர்:
பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வல்வை_நிலா:
வாசிச்சுப்போட்டு என்ர அம்மாவுக்கு உடனே ஃபோன் எடுத்தன். அவவுக்குத் தன்ர பெயர் பிடிக்குமா என்று இண்டைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டன். அரை மணித்தியாலம் கதைச்சவ.

பெங்களூர்_செல்வி:
இவ்வளவு நேரம் வாசிக்க மட்டும் செய்தேன். குழலி அழகான பெயர், வாழ்த்துகள். வெளிமாநிலத்தில் வேலை செய்பவள் என்ற முறையில் ஒன்று மட்டும் எழுதுகிறேன். என் முழுப்பெயரிலும் ழ உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு இசட், எச் போட்டால் வடக்கத்தியர் 'ஸ' மாதிரி வாசிப்பார்கள், உங்கள் மகள் குஸலி ஆவாள். எல் போட்டால் குலலி. இரண்டில் எது என்று முதலிலேயே முடிவு செய்து எல்லாச் சான்றிதழிலும் ஒன்றாகவே எழுதுங்கள்.

வைகைக்கரை:
நேற்று தொட்டில் போட்டோம். காதில் மூன்று முறை பெயரைச் சொல்வதற்கு அப்பத்தாவையே உட்கார வைத்தோம். அவருக்கு 'ழ' வராது. எங்கள் பக்கத்தில் வாழைப்பழமே வாளப்பளம்தான். முந்தின நாள் முழுக்க மனைவியோடு உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறார். இருந்தும் காதில் சொன்னபோது மூன்று முறையும் குளலி என்றுதான் வந்தது. "தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னீர்கள் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

வீட்டுப் பெயர் குப்பு. நாங்கள் வைக்கவில்லை, அப்பாதான் தொட்டிலை ஆட்டிக்கொண்டே தன்னை அறியாமல் அப்படிக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார். அப்பத்தா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. செங்கதிர் அண்ணா, அது வாசலைத் தாண்டாது.

செல்வி, இசட் எச் போட்டு எழுதிக் கொடுக்கப் போகிறோம். பதிவேடு ஐயா, நகராட்சிக்கு வரும் திங்கட்கிழமை போகிறேன். மருத்துவமனை ரசீதும் எங்கள் இருவர் ஆதாரும் போதுமா, வேறு ஏதாவது எடுத்துவர வேண்டுமா?